பேட்டரிக்கும் வயது உண்டு

 

இன்றைய பேச்சு மோட்டார் சைக்கிள் பேட்டரி பற்றியது. "வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தானே இந்தப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. பல வீடுகளில் வண்டியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். பழைய பேட்டரியைச் சந்தில் வைத்து உடைத்தால், வண்டியே இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் கேடு வரும். அதனால் இது எல்லோரும் கேட்க வேண்டிய பேச்சு.

முதலில் ஒரு கதை.

வண்டி கிளம்பவில்லை

மும்பைத் தாராவியில் ஓர் இட்லி வியாபாரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் தோல் பதனிடும் தொழிலுக்காக அந்தக் காலத்திலேயே தாராவிக்கு வந்து குடியேறின. அப்படி வந்த குடும்பம்தான் இவருடையதும்.

தாராவி இட்லிக்காரர்களை மும்பையில் பலருக்கும் தெரியும். விடியும் முன்னே கிளம்புவார்கள். ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார்கள். பலருக்கும் சைக்கிள்தான் வாகனம். இவர் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். முதலில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் விற்பார். பிறகு செம்பூர் சேடா நகர் வரை போவார்.

மே மாதம் ஊரில் கோயில் கொடை. குடும்பத்தோடு ஊருக்குப் போனார். ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டார். வண்டி சந்தில் ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நின்றது.

ஜூன் மாதம் திரும்பி வந்தார்கள். மழை தொடங்கிவிட்டது. மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு மனைவி அடுப்பு மூட்டினார். நான்கரை மணிக்கு இட்லி தயார். சட்னி தயார். சாம்பார் தயார்.

வியாபாரி செல்ஃப் பட்டனை அமுக்கினார். "டிக், டிக்" என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். கிக்கரை மிதித்தார். மிதித்து மிதித்து வேர்த்ததுதான் மிச்சம். வண்டி கிளம்பவில்லை.

அன்று இட்லித் தூக்கைத் தலையில் சுமந்துகொண்டு மாட்டுங்கா வரை நடந்தார். செம்பூர் போக முடியவில்லை. பாதி இட்லி மீந்துபோனது.

"பேட்டரி செத்துப்போச்சு. புதுசு வாங்கிப் போடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வீட்டில் ஒரு டப்பாவில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்காக வைத்திருந்த பணம் அது. வேறு வழி தெரியவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு 90 அடி சாலைக்குப் போனார். அங்கே ஒரு தமிழ் மெக்கானிக் இருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டியைத் தள்ளிக்கிட்டு வாரீய?"

"பேட்டரி போச்சு தம்பி. புதுசு ஒண்ணு போட்டுரு."

"போச்சுன்னு யார் சொன்னா? பேட்டரி எப்ப வாங்குனது?"

"ஞாபகம் இல்லையே. ரெண்டு மூணு வருசம் இருக்கும்."

"வாரண்டி கார்டு இருக்கா?"

"இருக்கும். வீட்டுல எங்கயோ கெடக்கும்."

வியாபாரி வீட்டுக்குப் போன் செய்தார். சற்று நேரத்தில் மனைவி ஒரு கார்டோடு வந்தார். ரேஷன் அட்டை வைக்கும் பையில் அது பத்திரமாக இருந்தது. அவர் ஓராண்டாக எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறவர். கார்டில் இருந்த எழுத்து ஆங்கிலம். ஆனால் எண்கள் அவர் படித்த எண்கள்தான்.

"பத்து. நாலு. அப்புறம் போன வருசம் போட்டிருக்கு. பத்தாம் தேதி, நாலாம் மாசம்" என்று விரல் வைத்துப் படித்தார்.

மெக்கானிக் சிரித்தார். "பாத்தீயளா அண்ணாச்சி? பேட்டரிக்குப் பதினாலு மாசந்தான் ஆகுது. மதினி படிச்சது நல்லதாப் போச்சு. இப்ப புதுசு வேண்டாம். மொதல்ல சோதிச்சுப் பாப்போம்."

அவர் சோதித்தது எப்படி? அதைத் தெரிந்துகொள்ளும் முன், பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வண்டிப் பேட்டரி புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே என்பவர் இந்த வகைப் பேட்டரியைச் செய்தார். இன்று வரை அதே அடிப்படையில்தான் பெரும்பாலான வண்டிப் பேட்டரிகள் வேலை செய்கின்றன.

பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஓர் அறை சுமார் 2 வோல்ட் மின்சாரம் தரும். ஆறு அறையும் சேர்ந்தால் 12 வோல்ட். அதனால்தான் பெட்டியின் மேல் "12" என்று போட்டிருக்கும்.

ஒவ்வோர் அறையிலும் காரீயத் தட்டுகள் இருக்கும். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு. அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இட்லிப் பானையில் தட்டுகளை அடுக்குவது போல இந்தத் தட்டுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். தட்டுகளைச் சுற்றி அமிலம் கலந்த நீர் இருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போதும், ஹாரன் அடிக்கும்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது. அப்போது தட்டுகளின் மேல் ஒரு வெண்மையான உப்பு படிகிறது. வண்டி ஓடும்போது இன்ஜின் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அப்போது அந்த உப்பு கரைந்துவிடும். தட்டு மீண்டும் சுத்தமாகும்.

இதை வீட்டில் உள்ள இட்லித் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவு ஒட்டிய தட்டை உடனே கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும். அப்படியே பல நாள் போட்டுவைத்தால்? மாவு காய்ந்து கல் போல ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினாலும் போகாது. பேட்டரித் தட்டும் அப்படித்தான். சார்ஜ் இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜ் செய்தால் பிழைத்துக்கொள்ளும். அப்படியே பல வாரம் போட்டுவைத்தால் உப்பு இறுகிவிடும். பேட்டரி வீணாகும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

மோட்டார் சைக்கிள் பேட்டரி பொதுவாக 2 ஆண்டு முதல் 4 ஆண்டு வரை உழைக்கும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வரலாம். கவனிக்காமல் விட்டால் ஓராண்டிலேயே போய்விடும். இரண்டு பேர் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்டரி வாங்கலாம். ஒருவருக்கு நான்கு ஆண்டு வரும். இன்னொருவருக்கு ஓராண்டுதான் வரும்.

பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் பகைவர்கள் ஐந்து.

முதல் பகைவன், சும்மா நிற்பது. வண்டி ஓடாமல் நின்றாலும் பேட்டரியில் சார்ஜ் சிறிது சிறிதாகக் குறையும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வரும்.

இரண்டாவது பகைவன், குறைந்த ஓட்டம். தாராவியிலிருந்து மாட்டுங்கா பக்கம்தான். பத்து நிமிடத்தில் போய்விடலாம். வழியில் நின்று நின்று போக வேண்டும். ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடிக்க வேண்டும். செல்ஃப் அடித்தால் நிறைய மின்சாரம் செலவாகும். அதைத் திரும்ப ஏற்ற வண்டி நன்றாக ஓட வேண்டும். நூறு ரூபாய் எடுத்துவிட்டு ஐம்பது ரூபாய் போட்டால் பையில் என்ன மிஞ்சும்?

மூன்றாவது பகைவன், சூடு. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில் பேட்டரி விரைவில் மூப்படையும். அதில் உள்ள நீரும் விரைவில் வற்றும்.

நான்காவது பகைவன், குலுக்கல். பேட்டரியைப் பிடிக்கும் பட்டை தளர்ந்திருந்தால், குண்டும் குழியுமான சாலையில் பேட்டரி குதிக்கும். உள்ளே இருக்கும் தட்டுகள் உதிரும்.

ஐந்தாவது பகைவன், கூடுதல் சுமை. சிலர் அலங்கார விளக்கு போடுகிறார்கள். பெரிய ஹாரன் போடுகிறார்கள். போன் சார்ஜர் மாட்டுகிறார்கள். எல்லாம் அந்தச் சிறிய பெட்டியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் "பேட்டரி போனால் என்ன? கிக்கரை மிதித்தால் போச்சு" என்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை ஒரு மின்சாரப் பம்ப் தள்ளுகிறது. பேட்டரி அடியோடு செத்துவிட்டால், கிக்கர் இருந்தாலும் வண்டி கிளம்ப மறுக்கலாம். பல வண்டிகளில் கிக்கரே இல்லை.

இரண்டு வகைப் பேட்டரி

கடையில் இரண்டு வகைப் பேட்டரி கிடைக்கும்.

ஒன்று, தண்ணீர் ஊற்றும் பேட்டரி. இதன் பெட்டி வெளிறிய நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரியும். பெட்டியில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோடு அப்பர் லெவல். கீழ்க் கோடு லோயர் லெவல். நீர் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆறு அறையிலும் பார்க்க வேண்டும்.

நீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். இது காய்ச்சி வடித்த நீர். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதில் உப்பும் இரும்பும் கலந்திருக்கும். அவை தட்டுகளைக் கெடுக்கும். குடிக்க விற்கும் பாட்டில் தண்ணீரும் ஆகாது. அதிலும் உப்புகள் உண்டு.

அமிலம் ஊற்றவே கூடாது. பேட்டரியில் வற்றுவது நீர்தான். அமிலம் வற்றுவதில்லை. குழம்பு சுண்டினால் தண்ணீர்தானே விடுகிறோம்? மறுபடி உப்புப் போட்டால் குழம்பு கெட்டுப்போகும். பேட்டரியும் அப்படித்தான்.

மற்றொன்று, மூடிய பேட்டரி. இதை மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்பார்கள். இதற்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. மூடியைத் திறக்கவும் கூடாது. "பராமரிப்பே வேண்டாம்" என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நீர் ஊற்றுவதைத் தவிர மற்ற எல்லாக் கவனிப்பும் இதற்கும் வேண்டும்.

மாதம் ஒரு நாள்

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பள நாளாக இருக்கலாம். அமாவாசையாக இருக்கலாம். அன்று பதினைந்து நிமிடம் போதும்.

ஒன்று, தண்ணீர் ஊற்றும் வகை என்றால் நீரின் அளவைப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பேட்டரியின் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். இந்தப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். நல்ல பேட்டரியைக்கூடச் செத்தது போலக் காட்டும்.

மூன்று, முனைகளில் உள்ள திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கட்டியிருக்கும் பட்டையையும் பார்க்க வேண்டும்.

நான்கு, தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் ஒரு சிறிய ரப்பர்க் குழாய் இருக்கும். வாயு வெளியேற அந்தக் குழாய். அது மடங்கியோ அடைத்தோ இருக்கக் கூடாது.

பொடியைச் சுத்தம் செய்வது எப்படி? முதலில் வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். கழித்தல் குறி போட்ட முனையின் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். அடுத்து, கூட்டல் குறி போட்ட முனையைக் கழற்ற வேண்டும். வெந்நீரில் கொஞ்சம் ஆப்பச் சோடா கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

மாட்டும்போது முறை மாறும். கூட்டல் முனையை முதலில் மாட்ட வேண்டும். கழித்தல் முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும். முறை மாறினால், ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மாட்டிய பிறகு முனைகளின் மேல் கொஞ்சம் வாசலின் தடவலாம். மறுபடி பொடி பூப்பது குறையும்.

கூட்டல், கழித்தல் குறிகளை எழுத்தறிவு வகுப்பில் கணக்குப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். அதே குறிகள்தான் இங்கேயும்.

மழையும் வெள்ளமும்

மும்பைக்காரர்களுக்கு மழை புதிதல்ல. 2005 ஜூலை 26-ஆம் தேதியை யாரும் மறக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை புரண்டது. நகரமே நீரில் நின்றது. வண்டிகளும் நீரில் மூழ்கின.

அவ்வளவு மழை ஆண்டுதோறும் பெய்வதில்லை. ஆனால் கிங்ஸ் சர்க்கிள், சயான் போன்ற தாழ்வான இடங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது வழக்கம். வண்டி நீரில் மூழ்கினால் சாவியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. செல்ஃப் அடிக்கக் கூடாது. இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால் பெரிய செலவு வரும். வண்டியை மேடான இடத்துக்குத் தள்ள வேண்டும். பேட்டரியின் கழித்தல் முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஊருக்குப் போகும்போதும் கழித்தல் முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதாது.

மீட்டர் சொல்லும் உண்மை

இப்போது நம் இட்லி வியாபாரியிடம் திரும்பி வருவோம்.

மெக்கானிக் ஒரு மீட்டரை எடுத்தார். இதை மல்டிமீட்டர் என்பார்கள். இரண்டு கம்பிகளைப் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தார். மீட்டரில் எண் தெரிந்தது.

அந்த எண்ணுக்குப் பொருள் இதுதான். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு பார்த்தால்:

12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால், சார்ஜ் நிறைவாக இருக்கிறது.

12.4 என்றால், முக்கால் பங்கு இருக்கிறது.

12.2 என்றால், பாதிதான் இருக்கிறது. சார்ஜ் செய்ய வேண்டும்.

12-க்குக் கீழே என்றால், அநேகமாகக் காலி. உடனே சார்ஜ் செய்ய வேண்டும்.

வியாபாரியின் பேட்டரி 11.9 காட்டியது. முனையில் பச்சைப் பொடியும் பூத்திருந்தது.

"பேட்டரி சாகல அண்ணாச்சி. பட்டினி கெடக்கு. ஒரு மாசமாச் சோறு போடாமப் போட்டுட்டுப் போயிருக்கீய" என்றார் மெக்கானிக்.

அவர் பொடியைச் சுத்தம் செய்தார். பேட்டரியைச் சார்ஜில் போட்டார். அவசரப்படவில்லை. அது 5 ஆம்பியர்-மணி பேட்டரி. அதற்கு அரை ஆம்பியர் அளவில் சுமார் பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினார். பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. கார் பேட்டரிக்கு ஏற்றுவது போல வேகமாக ஏற்றினால் சிறிய பேட்டரி கொதித்துக் கெடும்.

மறுநாள் காலை மீட்டர் 12.7 காட்டியது. செல்ஃப் அடித்தபோது எண் 10.8 வரை இறங்கி, மீண்டும் ஏறியது. இது நல்ல அறிகுறி. முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும், செல்ஃப் அடிக்கும்போது எண் 9-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்துவிட்டது என்று பொருள்.

மெக்கானிக் இன்னொன்றும் பார்த்தார். இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு மீட்டரை வைத்தார். 14.1 காட்டியது. இப்படி 13.5 முதல் 14.5 வரை இருந்தால் வண்டி பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் தருகிறது. 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் கோளாறு வண்டியில் இருக்கலாம். 15-ஐத் தாண்டினாலும் கோளாறுதான். வண்டியில் கோளாறு இருக்கும்போது புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில மாதத்தில் கெட்டுப்போகும். காசு இரண்டு முறை போகும்.

வியாபாரி சார்ஜ் போட்ட கூலியை மட்டும் கொடுத்தார். மீதிப் பணம் டப்பாவுக்குத் திரும்பிப் போனது. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வந்தது.

எல்லாப் பேட்டரியும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி ஓய்ந்துவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வாங்கிய தேதி என்ன? மீட்டர் என்ன சொல்கிறது?

புதிய பேட்டரி வாங்கும்போது

வண்டியுடன் வந்த கையேட்டில் எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும் என்று போட்டிருக்கும். பழைய பேட்டரியின் மேலும் இருக்கும். அதே அளவுதான் வாங்க வேண்டும். செல்ஃப் உள்ள வண்டிக்குக் குறைந்த அளவுப் பேட்டரி போட்டால் விரைவில் போய்விடும்.

எப்போது தயாரித்தது என்று கேட்க வேண்டும். கடையில் பல மாதம் தூங்கிய பேட்டரி வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால், அமிலம் நிரப்பியபின் முதல் சார்ஜ் முழுதாக ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். "ஓட்டினால் தானே ஏறிவிடும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் பட்ட குறை கடைசி வரை தீராது.

பில் வாங்க வேண்டும். வாரண்டி கார்டில் தேதி எழுதி, கடை முத்திரை போட்டு வாங்க வேண்டும். தேதி இல்லாத கார்டு வெறும் அட்டைதான். பில்லில் மையும் மங்கிப்போகும். வாங்கிய தேதியை ஒரு நோட்டிலும் எழுதிவைப்பது நல்லது.

அமிலத்திடம் கவனம்

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். துணியில் பட்டால் ஓட்டை விழும். தோலில் பட்டால் புண்ணாகும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். இது எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது. அடுப்பு எரியக் கூடாது. தாராவியில் பல வீடுகள் ஒரே அறை கொண்டவை. அடுப்பும் படுக்கையும் அங்கேதான். அந்த அறைக்குள் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டாம். கடையில் கொடுத்துச் சார்ஜ் செய்வதே நல்லது.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

பேச்சின் மிக முக்கியமான பகுதி இது.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான். காரீயத்துக்கு நல்ல விலை உண்டு. அதனால் சிலர் பழைய பேட்டரியைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். தட்டுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள்.

பழைய பொருளைப் பிரித்துப் புதுப் பொருளாக்குவது நல்ல தொழில். தாராவியில் பல்லாயிரம் பேருக்கு அது சோறு போடுகிறது. பிளாஸ்டிக்கும் அட்டையும் தகரமும் அங்கே மறுபிறவி எடுக்கின்றன. ஆனால் காரீயம் அப்படிப்பட்ட பொருள் இல்லை. அது நஞ்சு. அதன் தூளும் புகையும் கண்ணுக்குத் தெரியாமல் உடலுக்குள் போகும். உடைத்தவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்டு, விரலை வாயில் வைக்கும். நஞ்சு குழந்தையின் உடலில் சேரும்.

காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது. இரத்தசோகை வரும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் கேடு. இந்த அளவு வரை உடலில் இருந்தால் பாதிப்பு இல்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தை வரை, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் கவலை தரும் அளவில் காரீயம் இருப்பதாக 2020-ஆம் ஆண்டில் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய பேட்டரிகளை முறையின்றி உடைப்பதும் உருக்குவதும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் டாக்கர். அதை ஒட்டித் தியாரோய் என்ற பகுதி. அங்கே ஏழை மக்கள் பிழைப்புக்காகப் பழைய பேட்டரிகளை உடைத்தார்கள். மண்ணில் கலந்த காரீயத்தைச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை, ஐந்தே மாதத்தில் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோயின. காரணம் காரீய நஞ்சு. அந்தத் தாய் தந்தையருக்கு அது நஞ்சு என்று யாரும் முன்னால் சொல்லவில்லை.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டிலேயே பேட்டரிகளைத் திரும்பப் பெற விதி வந்தது. 2022-ஆம் ஆண்டில் புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. முறையாகச் சேகரிப்பவரிடம் அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்க வேண்டும். சாதாரண மக்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

சந்துக்கு வரும் பங்கார்க்காரர் சில சமயம் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லலாம். அந்தப் பேட்டரி எந்தச் சந்தில், எந்தக் குழந்தையின் வாசலில் உடையும் என்று யாருக்குத் தெரியும்?

சுவரில் எழுதிய தேதி

நம் இட்லி வியாபாரியின் வீட்டில் இப்போது அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மனைவி எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பேட்டரி வாங்கிய தேதி முதல் வரியில் இருக்கிறது. அதன் கீழே மாதந்தோறும் சோதித்த தேதிகள் வரிசையாக இருக்கின்றன.

மாதம் பிறந்தால் அவரே நினைவூட்டுவார்.

"என்னங்க, இன்னைக்கு ஒண்ணாம் தேதி. பேட்டரியைப் பாத்தீயளா?"

"பாத்துட்டேன். எழுதிக்கோ."

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேட்டரியின் கழித்தல் முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் போவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். அதையும் தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டு வண்டியின் பேட்டரிக்கு என்ன வயது? இன்று வீட்டுக்குப் போனதும் கார்டைத் தேடி எடுங்கள். தேதியைப் படியுங்கள். சுவரில் எழுதுங்கள்.



கூடிப் பேசுவோம்

1. பேட்டரியில் ஏன் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது?

2. முனைகளைக் கழற்றும்போது எதை முதலில் கழற்ற வேண்டும்? மாட்டும்போது எதைக் கடைசியில் மாட்ட வேண்டும்?

3. வியாபாரியின் மனைவி கார்டைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

4. உங்கள் பகுதியில் பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன? விசாரித்து வந்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.